180 கழித்தல் வயது: ஒரு மெதுவோட்டக்காரனின் புலம்பல்

மெதுவாக ஓடிப் பழகினால் போட்டியில் வேகம் கூடும் என்பது உண்மைதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு நேராகக் குறைக்கு வருகிறேன், ஏனென்றால் இன்று காலை முழுக்க பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் என் வாட்ச் அலறிக்கொண்டே இருந்தது. எனக்கு 42 வயது. அமெரிக்கப் பயிற்சியாளர் பிலிப் மாஃபெடோன் கணக்குப்படி 180இல் வயதைக் கழித்தால் வரும் 138தான் மெதுவோட்டத்தில் நிமிடத்துக்கு என் இதயத்துடிப்பின் எல்லை. இதயத்துடிப்பு அதைத் தாண்டினால் பீப். வேகத்தைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பீப். கடைசியில் நடந்தேன். வாக்கிங் வந்த மாமா ஒருவர் என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, “என்ன தம்பி, கால்ல அடியா?” என்றார்.

டிசம்பரில் இதே 138க்குக் கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓடுகிறேன். மே மாதத்தில் எட்டரை ஆகிறது. புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை. சூட்டைத் தணிக்க ரத்தம் தோல் பக்கம் போகிறது. வியர்த்து நீர் இறங்க இறங்க, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளுகிற ரத்தமும் குறைகிறது. அதை ஈடுகட்ட அது கூடுதலாக அடிக்கிறது. காலுக்கு என்னவோ அதே வேலைதான். அந்தச் சூத்திரத்தில் நோய், காயம், மருந்து எல்லாவற்றுக்கும் 5, 10 என்று கழிக்க இடம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் காயமில்லாமல் முன்னேறி வருபவர்கள் 5 கூட்டிக்கொள்ளவும் செய்யலாம். வங்காள விரிகுடாவின் ஈரக்காற்றுக்கு மட்டும் ஒரு எண்ணும் இல்லை.

மாஃபெடோனிடம் பயிற்சி பெற்ற மார்க் ஆலன், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஹவாய் அயர்ன்மேன் போட்டியை ஆறு முறை வென்றாரே, ஹவாய் என்ன கொடைக்கானலா என்று கேட்பீர்கள். சரி. ஆனால் அவர் அங்கே போனது போட்டிக்கு. தினமும் காலையில் பீப் கேட்டுக்கொண்டு ஈஸி ரன் ஓட அல்ல.

வாட்சின் மேலும் பாதிப் பழி உண்டு. மணிக்கட்டு சென்சார் சில நேரம் காலடி எண்ணிக்கையை நாடித்துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 170 காட்டும். நெஞ்சில் கட்டித் துடிப்பை அளக்கும் செஸ்ட் ஸ்ட்ராப் வாங்கியதும் அது தீர்ந்தது. பதிலுக்கு நெஞ்சைச் சுற்றி வியர்க்குரு.

இவ்வளவு திட்டினாலும் பலனை மறைக்க முடியாது. முன்பெல்லாம் ஹாஃப் மாரத்தானில் 15 கிலோமீட்டர் தாண்டினால் எனக்கு நடைதான். போன ஜனவரி சென்னை மாரத்தானில் கடைசி 5 கிலோமீட்டரைத்தான் இருப்பதிலேயே வேகமாக ஓடினேன். 2 மணி 18 நிமிடமாக இருந்த நேரம் 2 மணி 4 நிமிடத்துக்கு வந்தது. முழங்கால் வலி போயிற்று. நான் எதிர்பார்க்காதது இன்னொன்று: ஞாயிறு நீண்ட ஓட்டம் முடிந்தால் மத்தியானம் வரை சுருண்டு படுப்பேன், இப்போது குளித்துவிட்டு நேராக மீன் வாங்கப் போகிறேன். வீட்டில் இந்த முறைக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் அதற்குத்தான்.

மெதுவாகவே ஓடினால் மெதுவாகவே பழகிவிடாதா என்பவர்களுக்கு நியூசிலாந்தில் ஆக்லாந்தைச் சேர்ந்த பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைத்தான் காட்டுவேன். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லை வாயட்டாருவா மலைப்பாதையில் 22 மைல் ஓட வைத்தவர் அவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீட்டரிலும், லிடியார்டிடமே பயிற்சி பெற்ற மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். ஆனால் லிடியார்டின் நீண்ட ஓட்டம் நாங்கள் ஓடுகிற மாதிரி உருட்டுகிற ஓட்டம் இல்லை. அந்த அடித்தளம் போட்டபின் மேடேற்றமும் டிராக்கில் வேகப் பயிற்சியும் வரிசையாக வரும். அந்தப் பாதியை யாரும் பேசுவதில்லை. நானும் போட்டிக்கு முந்தைய வாரங்களில் டெம்போ ஓட்டம், அதாவது கொஞ்சம் கஷ்டமான வேகத்தை விடாமல் பிடித்து ஓடுவது, சேர்த்தேன். அதனால் குறைந்த 14 நிமிடத்தில் எது மெதுவோட்டத்தின் பங்கு, எது டெம்போவின் பங்கு, காயமில்லாமல் வாரம் தவறாமல் ஓடியதின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

இந்த முறையைத் தொடங்கலாமா என்று அலுவலக நண்பர் போன வாரம் கேட்டார். மேலே எழுதிய நல்லதையெல்லாம் சொன்னேன். அப்புறம் வேண்டாம் என்றும் சொன்னேன். இன்று காலைக்குப் பிறகு அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். டிசம்பரில் கேட்டிருந்தால் என் பழைய ஸ்ட்ராப்பையே கழற்றிக் கொடுத்திருப்பேன்.