பெண்ட் பைப் ஒடுக்கு எடுத்துத் தருகிறோம் என்றால், முதலில் வெர்னியரை எடுங்கள்

ஒரு 350 சிசி வண்டியின் பெண்ட் பைப், அதாவது எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகிற வளைகுழாய். வேகத்தடையில் அடிவாங்கி, வளைவு முடிந்து பைப் நேராகும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒடுக்கு. டிங்கரிங் பட்டறை ஒன்றில், "உள்ளே காற்று ஏத்தி, சூடு காட்டித் தள்ளிடுவோம் சார், அந்த இடத்துக்கு மட்டும் கிரோமும் போட்டுடலாம்" என்று சொல்லி 2,800 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பைப் கண்ணாடி மாதிரி வந்தது. நாற்பது கிலோமீட்டர் ஓடுவதற்குள் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். ஒரு வாரத்தில் அந்த இடம் பழுத்து, கொப்பளித்து, வடை மேல்தோல் போலப் பெயர்ந்து விழுந்தது.

அந்த இடத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தால் கதை முழுக்கத் தெரிகிறது. மேலே வெள்ளி நிற ஸ்ப்ரே, கிரோம் அல்ல. அதற்குக் கீழே நான்கு மில்லிமீட்டருக்கு கார் பாடியில் பள்ளம் நிரப்பப் பூசுகிற பட்டி, ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. அதற்கும் கீழே அதே பழைய ஒடுக்கு, பட்டி பிடிக்க வேண்டும் என்று கிரைண்டிங் டிஸ்க்கால் கீறப்பட்டு. நடுவில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று. ஸ்க்ரூ ஏற்றி ஸ்லைடு ஹேமரால் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், தகடு கிழிந்ததும் விட்டுவிட்டார்கள். ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் ஒரு சிறு இடைவெளி, அதற்கப்பால் இன்னொரு பைப், ஒரு கீறல்கூட இல்லாமல்.

விஷயமே அந்த இரண்டாவது பைப்தான். கிரோம் நீலம் பாயாமல் இருக்க, பல வண்டிகளில் பெண்ட் பைப்பை இரட்டைச் சுவராகச் செய்கிறார்கள். புகை போவது உள்பைப்பில், கண்ணுக்குத் தெரிவது வெளிப்பைப். கல்லோ வேகத்தடையோ இடித்து நசுங்குவது பெரும்பாலும் வெளிப்பைப் மட்டும். உள்ளே காற்று ஏற்றினாலும், தண்ணீர் ஊற்றி உறைய வைத்தாலும், குண்டு விட்டுத் தட்டினாலும் அழுத்தம் விழுவது உள்பைப்பின் மேல். ஒடுக்கு இருக்கிற தகட்டை அது தொடுவதே இல்லை. ஆக, இரட்டைச் சுவர் பைப்புக்கு "உள்ளேயிருந்து தள்ளி எடுக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை பட்டி டப்பா ஏற்கெனவே திறந்திருக்கிறது.

பைப்பைக் கழற்றி, சைலன்சர் பக்க வாயில் வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் வெர்னியரில் (மில்லிமீட்டர் கணக்கில் விட்டம் அளக்கிற கருவி) எடுங்கள். ஒற்றைச் சுவர் என்றால் வித்தியாசம் சுமார் 3 மி.மீ. வரும், அதாவது ஒரு பக்கம் ஒன்றரை. ஏழெட்டு மி.மீ. வந்தால் இரட்டைச் சுவர். சிலவற்றில் வாயருகே வெளிப்பைப்பை ஒடுக்கி உள்பைப்போடு சேர்த்து வெல்டு வைத்திருப்பார்கள். அப்போது வாயை நம்பாமல், ஒடுக்கு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் வெளிவிட்டத்தை எடுத்து வாயின் உள்விட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஸ்பேனரால் தட்டியும் பார்க்கலாம். ஒற்றைப் பைப் கணீரென்று கேட்கும், இரட்டை மொத்தையாகக் கேட்கும்.

இரட்டைச் சுவருக்கு நேர்மையான வழி ஒன்றுதான்: ஒடுக்கின் மேல் ஆணி மாதிரி சிறு கம்பிகளை ஆர்கான் வெல்டிங்கில் நட்டு, ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, கம்பியை அறுத்து, தேய்த்து, பைப் முழுவதையும் மறுபடி கிரோமுக்கு அனுப்புவது. கிரோம் என்பது தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஏற்றுகிற முலாம். பட்டறை மேசையில் வைத்து "அந்த இடத்துக்கு மட்டும்" போட்டுத் தந்தார்கள் என்றால் அது ஸ்ப்ரே. வெளித்தகட்டில் ஓட்டை இருந்தால் அதை வெல்டு வைத்து அடைக்காமல் முலாம் பூசவும் கொடுக்கக் கூடாது. தொட்டி அமிலம் இரண்டு சுவருக்கும் நடுவே போய்த் தங்கிவிடும். வெளியே பளபளக்கும், உள்ளிருந்து துருத் தண்ணீர் கசியும். இத்தனை செலவுக்குப் புது பைப் விலையையும் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

அந்தப் பட்டறையில் சொன்ன இன்னொரு வசனம்: "அப்படியே ஓட்டினா மைலேஜ் போயிடும், வால்வு எரிஞ்சிடும்." 35 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் ஒரு பக்கம் 5 மி.மீ. தட்டையாகப் போனால் குறைகிற வழி பத்தில் ஒரு பங்குகூட வராது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் அது தெரியவே தெரியாது. டூ ஸ்ட்ரோக் கதை வேறு. ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டியில் புகைக்குழாயின் வடிவமே இழுவையைத் தீர்மானிக்கிறது. மற்றபடி ஒடுக்கு என்பது கண்ணுக்கு உறுத்தல், அவ்வளவுதான். கூர்மையாக மடிந்து விரிசல் விட்டிருந்தால் மட்டும் உடனே கவனிக்க வேண்டும்.

ஒற்றைச் சுவர்தான் என்று தெரிந்துவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை, பைப்பை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் ஸ்டட் நட்டுகளில் விட்டு வையுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திரும்ப முறுக்கி, மறுபடி கழற்ற வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் ஸ்டட் ஹெட்டோடு முறியும், ஒடுக்கை விடப் பெரிய செலவு அது. ஆக்சிஜன் சென்சார் இருந்தால் அதை முதலில் கழற்றி ஓரமாக வையுங்கள். கீழே விழுந்தால் வீண்.

பிறகு பேரிங் கடைக்குப் போய் உதிரிக் குண்டு கேளுங்கள். 38 மி.மீ. வெளிவிட்டம், ஒன்றரை மி.மீ. தகடு என்றால் உள்விட்டம் 35. ஒன்றே கால் அங்குலக் குண்டு 31.75 மி.மீ., ஒன்று ஐந்து பதினாறு (1 5/16) 33.34, ஒன்று மூன்று எட்டு (1 3/8) 34.93. இந்த மூன்றும் போதும். பித்தளை பேண்டு வாத்தியங்களில் ஒடுக்கு எடுக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை இதே. உள்ளே கரியைச் சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவி, சின்னக் குண்டை ஒடுக்குக்குக் கிட்டத்திலிருக்கும் வாய் வழியாக இரும்புத் தடியால் தட்டி ஒடுக்கின் அடிவரை கொண்டுபோங்கள். முட்டி நின்றதும் அதற்கு மேல் அடிக்காதீர்கள். குண்டு உள்ளே பட்டடைக்கல்லாக இருக்க, வெளியே ஒடுக்கைச் சுற்றி எழும்பியிருக்கும் வரம்பைச் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். குழியைத் தள்ளுவது பாதி வேலை, கரையை இறக்குவது மீதி. குண்டு தளர்ந்து நகரும், இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். முழுவதும் கடந்ததும் அடுத்த அளவு.

கெடுவது எங்கே என்றால், வளைவில். வளைத்த இடத்தில் பைப் சற்றே முட்டை வடிவமாகியிருக்கும், குறுக்களவு ஒன்றிரண்டு மி.மீ. குறையும். பெரிய குண்டு அங்கே போனால் மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான். அதனால் மறுமுனையிலிருந்து குண்டைத் தொடுகிற மாதிரி இன்னொரு தடியைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே அடியுங்கள். தகடு அசையாவிட்டால் கேஸ் டார்ச்சால் மங்கிய சிவப்புக்குச் சூடேற்றலாம், ஆனால் அந்த இடத்துக் கிரோமுக்கு அன்றோடு முடிவு.

காற்று முறையை வீட்டில் வேண்டாம் என்றே சொல்வோம். 35 மி.மீ. வாயை அடைத்து 2 பார், அதாவது சுமார் 30 பிஎஸ்ஐ ஏற்றினால் அடைப்பானை 20 கிலோ தள்ளும். கம்ப்ரஸரின் 7 பாரை அப்படியே திறந்துவிட்டால் கிட்டத்தட்ட 70 கிலோ. ரப்பர் அடைப்பான் தோட்டா மாதிரி போகும். காற்றுக்குப் பதில் வெல்டிங் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்தே பிடிக்கிற பட்டறைகளும் உண்டு. உள்ளே எண்ணெய்க் கரி, வெளியே தீ, நடுவில் சுத்த ஆக்சிஜன் என்றால் பைப் வெடிக்கும். அப்படி ஒரு ஹோஸைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஐஸ் முறை மெல்லிய தகட்டில், வழவழப்பான ஒடுக்குக்கு மட்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும், ஆனால் ஒன்றரை மி.மீ. தகட்டில் பெரும்பாலும் அடைப்பான்தான் முதலில் பிதுங்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி என்றால் இன்னொரு எச்சரிக்கை. பலவற்றில் புகையின் நச்சைக் குறைக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெண்ட் பைப்பிலேயே, தேன்கூடு மாதிரி உட்கார்ந்திருக்கும். குண்டு அதில் மோதினால் கெட்டுவிடும். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் "ஒடுக்கு எடுக்க அறுத்துத்தான் ஆகணும்" என்று அறுத்து, தேன்கூட்டை எடுத்துக்கொண்டு வெறும் குழாயை வெல்டு வைத்துத் தருவதும் நடக்கிறது. "இதைக் கொடுங்க, வேற மாட்டிக்கிறோம்" என்கிற எக்ஸ்சேஞ்சும் அதே ரகம். கொடுப்பதற்கு முன் காய்கறிக் கடைத் தராசில் பைப்பை எடை போட்டு, தராசின் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

திரும்ப வாங்கும்போது அதே தராசு, அப்புறம் ஒரு காந்தம். கிரோம் பூசிய இரும்பில் காந்தம் பச்சென்று பிடிக்கும், பட்டி இருக்கிற இடத்தில் வழுக்கும். 304 ஸ்டெயின்லெஸ் பைப்பில் காந்தம் பெரும்பாலும் பிடிக்காது, அங்கே நாணயத்தால் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். கடைசியாக, பணம் கொடுக்கும் முன் பைப்பை வண்டியில் புது கேஸ்கெட்டோடு மாட்டச் சொல்லி, பட்டறை வாசலிலேயே பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விடுங்கள். பட்டி என்றால் அதற்குள் பெரும்பாலும் மூக்கே சொல்லிவிடும்.