பர்ஸ்ட் வேவ்: கல்லுடைக்கும் புதிய ஒலியலை எந்தளவுக்குத் தேறுகிறது?

அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான, உடலுக்கு வெளியிலிருந்து ஒலியலையால் கல்லுடைக்கும் பர்ஸ்ட் வேவ் லித்தோட்ரிப்சி முறையை 19 பேரின் 23 சிறுநீரகக் கற்களில் சோதித்த முடிவு 2022இல் வெளியானது. ஒரு கல்லுக்கு அதிகபட்சம் 10 நிமிடம். 21 கற்கள் உடைந்தன. ஆனால் முழுவதும் 2 மில்லிமீற்றருக்குள் பொடிந்தவை ஒன்பதுதான். நாங்கள் பெரிதாக எடுப்பது இந்த ஒன்பதைத்தான். 2 மில்லிமீற்றர்த் துணுக்கு அநேகமாகச் சிறுநீரோடு போய்விடும். 5 மில்லிமீற்றர்த் துண்டு சிறுநீர்க்குழாயில் இறுகினால் பழைய வலி திரும்பவும் வரும்.

1980இல் மியூனிக்கில் தொடங்கிய பழைய முறையான அதிர்வலைச் சிகிச்சையும் வெளியிலிருந்தே கல்லுடைக்கிறது. அது ஒவ்வொரு அதிர்வாக, நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை, மொத்தம் 2000, 3000 அதிர்வு கொடுக்கிறது. புதியது மெல்லிய ஒலியலைகளைக் கொத்துக் கொத்தாக அனுப்புகிறது. கல்லெங்கும் வெடிப்பு ஓடுகிறது. அதிர்வெண் கூடக்கூடத் துணுக்கு சிறுக்கிறது.

இரண்டுக்கும் பகை காற்றுதான். தோலுக்கும் கருவிக்கும் இடையே பூசும் ஜெல்லைக் கையால் தேய்த்தால் குமிழ்கள் மாட்டிக்கொள்ளும், அலை அங்கேயே திரும்பிவிடும். போத்தலிலிருந்து குவியலாக ஊற்றி, கருவியின் தலையை மேலே மெதுவாக அமர்த்தவேண்டும். விலா எலும்பும் குடல் வாயுவும்கூட மறைக்கும்.

மயக்க மருந்து இல்லாமல் செய்யமுடியும் என்பதே இதன் பெரிய நம்பிக்கை. ஆனால் அந்த 19 பேரும் மயக்கத்தில் இருந்தவர்கள், சிறுநீர்ப்பாதைக்குள் கமரா விட்டுக் கல்லெடுக்க வந்தவர்கள். விழித்திருப்பவரிடம் இதே அளவு உடையுமா என்பதற்கு இந்த எண்கள் சாட்சியல்ல. உடைந்தால், சத்திரசிகிச்சைக்கூடமே வேண்டாம். வெல்லாவெளியிலிருந்து வரும் வயற்காரர் அன்றைக்கே வீடு திரும்பலாம். அதற்காகவே இம்முறை வளரவேண்டும் என்று விரும்புகிறோம்.

இப்போது கல்லோடு இருப்பவர் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிளினிக்குக்குப் போகும்போது சி.டி. ஸ்கேன் அறிக்கையில் மூன்றைக் கேளுங்கள்: கல்லின் அளவு, இடம், கல்லின் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண். எண் 1000ஐத் தாண்டினாலோ, கல் சிறுநீரகத்தின் கீழ்முனையில் இருந்தாலோ, தோலிலிருந்து 10 சென்ரிமீற்றருக்கு மேல் ஆழத்தில் இருந்தாலோ அதிர்வலை ஏமாற்றக்கூடும். கமரா விட்டு லேசரால் கல்லுடைப்பது பற்றி விசாரியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பதையும் கர்ப்பத்தையும் மறைக்காதீர்கள். கல்வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கவேண்டாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடைபட்ட சிறுநீரை வடித்து, கிருமியை அடக்கிய பிறகுதான் கல்லில் கைவைப்பார்கள்.