ஸ்டியரிங் காலத்தையே (column) மாற்றச் சொன்ன இடத்தில் எர்த் ஒயரைச் சரிசெய்து தந்தவர்கள்: கணபதியில் ஒரு ஸ்டியரிங் பட்டறை

கோவை கணபதியில், சத்தி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், கார்களின் ஸ்டியரிங் வேலையை மட்டுமே எடுத்துச் செய்யும் சிறிய பட்டறை இருக்கிறது. பவர் ஸ்டியரிங் செயலிழந்த எங்கள் காரை அங்கே சரிசெய்துகொண்டோம். பாகத்தை மாற்றும் முன் பழுதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒழுங்கை இவ்வளவு பொறுமையுடன் கடைப்பிடிக்கும் இடங்கள் அருகிவருவதால், அவர்கள் வேலை செய்த விதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டியரிங் கொண்ட பழைய ஹாட்ச்பேக். ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஸ்டியரிங் வடிவ மஞ்சள் விளக்கு எரியும். அடுத்த நொடியில் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும். வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து மீண்டும் போட்டால் சரியாகும். சில நாள் கழித்து மறுபடியும் வரும். முதலில் காட்டிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங் வளையத்தைத் தாங்கும் தண்டுப் பகுதியான காலத்தை (column) மோட்டாரோடு முழுமையாக மாற்ற வேண்டும் என்று நாற்பதாயிரத்தை நெருங்கும் எஸ்டிமேட்டைக் கொடுத்தார்கள். எதனால் பழுது வந்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கவில்லை.

கணபதி பட்டறையில் வேலை கேள்விகளிலிருந்துதான் தொடங்கியது. “ஏனுங்க, லைட்டு எரியறப்ப ஏசியும் ஹெட்லைட்டும் ஓடிட்டு இருந்துச்சுங்களா? நின்ன எடத்துல ஒடிக்கறப்ப வருதுங்களா, ஓட்டத்துலயும் வருதுங்களா?” என்று மூத்த மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரவில், ஏசி போட்டுக்கொண்டு வண்டியை நிறுத்துமிடத்தில் ஒடிக்கும்போதுதான் அதிகம் வருகிறது என்று என் மனைவி சொன்னதும், ஸ்டியரிங் காலத்தைத் தொடாமல் நேரே பேட்டரிப் பக்கம் போனார்.

அவர் அப்படிப் போனதற்கு நல்ல காரணம் இருக்கிறது. ஸ்டியரிங்கை நாம் திருப்பும் விசையை டார்க் (torque, முறுக்கு விசை) சென்சார் அளந்து சொல்ல, அதற்கேற்பக் கன்ட்ரோல் யூனிட் மோட்டாரை இயக்குகிறது. நின்ற நிலையில் சக்கரத்தை ஒடிக்கும்போது அந்த மோட்டார் 50 ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தை இழுக்கக்கூடும். அவ்வளவு மின்னோட்டம் பாயும் வழியில் வெறும் 0.02 ஓம் தடை கூடினாலே ஒரு வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும், கன்ட்ரோல் யூனிட் தன்னைக் காத்துக்கொள்ள மோட்டாரை நிறுத்தி விளக்கை எரிய விடுகிறது. அந்த நேரத்தில் பதிவாகி ஸ்கேனரில் தெரியும் பழுதுக் கோடு (code) ஸ்டியரிங்கைச் சுட்டினாலும், குற்றம் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும் என்பதில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைக் கன்ட்ரோல் யூனிட்டின் எர்த் இணைப்பிலும் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி) வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, உதவியாளரை ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொன்னார். 0.2 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டிய அளவு ஒரு வோல்ட்டைத் தாண்டியது; மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பேட்டரித் தட்டைக் கழற்றியபோது, பாடியில் எர்த் ஒயர் முடுக்கப்பட்டிருந்த இடம் பச்சைக் களிம்பேறி, போல்ட்டின் தலையே தெரியாத நிலையில் இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, ஒயரின் முனையை வெட்டி, போல்ட்டில் மாட்டும் உலோக வளையமான லக்கைப் புதிதாக அழுத்தி, புதிய போல்ட் போட்டு முடுக்கிய பிறகு, இணைப்பின் மேல் கிரீஸ் பூசினார். மறுபடியும் அதே சோதனையைச் செய்து, அளவு 0.1 வோல்ட்டுக்கு இறங்கியதைக் காட்டிய பிறகுதான் ஸ்கேனரில் இருந்த பழைய பழுதுக் கோடுகளை அழித்தார். ஏசி, ஹெட்லைட், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சாலையில் ஓட்டியும் பார்த்தோம். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறதா என்பதையும் டயர் காற்றையும் கேட்காமலே பார்த்துக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு மழைக்காலம் கடந்த பிறகும் அந்த விளக்கு எரியவில்லை.

எல்லா வண்டிக்கும் இவ்வளவு மலிவாக முடியும் என்று நான் சொல்லவில்லை. டார்க் சென்சாரோ மோட்டாரோ உண்மையிலேயே போயிருந்தால் செலவு பெரிதுதான். அப்படி மாற்றினால் சென்சாருக்கு நடுநிலையை மறுபடியும் கற்பிக்க வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார். எண்ணெய் அழுத்தத்தால் ஸ்டியரிங் இயங்கும் ஹைட்ராலிக் வகை வண்டிகளில், சக்கரங்களைத் திருப்பும் ரேக்கில் எண்ணெய் கசியாமல் காக்கும் சீலை மாற்றும் வேலையும் அங்கே நடக்கிறது. எண்ணெய் குறைகிறதே என்று ஊற்றிக்கொண்டே ஓட்டி, கடைசியில் பம்பையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் அதிகம் என்று வருத்தப்பட்டார். ஒடிக்கும்போது பம்ப் ஊளையிட ஆரம்பித்ததுமே கொண்டுவந்துவிட வேண்டுமாம்.

அவர் சொன்ன இன்னொன்றை ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பவர் போனாலும் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்குமான இயந்திர இணைப்பு அப்படியேதான் இருக்கும். இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தால் வண்டி திரும்பும். பதற்றத்தில் ஓடும் வண்டியின் சாவியை அணைத்துவிட்டால் பிரேக்குக்கான வாக்கூம் உதவியும் சீக்கிரம் தீர்ந்துபோகும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆகவே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டி, வண்டி முழுதாக நின்ற பிறகே சாவியில் கை வைக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. உட்கார்ந்து காத்திருக்க நிழலான இடம் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பதால், முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளாமல் போனால் திரும்பி வர வேண்டியிருக்கும். ஞாயிறு விடுமுறை. பில்லையும் கேட்டால்தான் எழுதித் தருகிறார்கள். மாற்றிய பாகங்களின் விவரத்தோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.