பழக்கிய நாயா, வீட்டு நாயா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் குறும்படமோ தீபாவளி விளம்பரமோ எடுக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்பது இது: கதையில் ஒரு நாய் வருகிறது, பழக்கிய நாயைக் கூப்பிடலாமா, நண்பர் வீட்டு நாயே போதுமா?

செலவு: பழக்கிய நாய்க்கு நாள் வாடகை, பயிற்சியாளர் சம்பளம், வண்டிச் செலவு எல்லாம் உண்டு. வீட்டு நாய்க்கு வேகவைத்த கோழி ஈரல் போதும். ஆனால் அது மசியும் வரை மொத்தக் குழுவும் காத்து நிற்கும் நேரத்துக்கும் வெள்ளி போகிறது. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

வேலை: பெரிய வித்தியாசம் இங்கேதான். பழக்கிய நாய் தரையில் போட்ட சின்னப் பாயில் வந்து நிற்கும். கேமராவுக்குப் பின்னால் பயிற்சியாளர் விரலை அசைத்தால் தலையைத் திருப்பும். வாய் திறந்து கூப்பிட வேண்டியதில்லை, வசனம் கெடாது. வீட்டு நாய் கிளாப் சத்தத்துக்கே சோபாவுக்கு அடியில் போய்விடும். ஈரலைக் காட்டினாலும் வெளியே வராது!

பாசம்: நடிகரே வளர்க்கும் நாய் என்றால் வாலாட்டலில் பொய் இருக்காது. இதில் பழக்கிய நாய் தோற்கும்.

வெயில்: இரண்டுக்கும் ஒன்றே. மதியத் தார் ரோட்டில் புறங்கையை வையுங்கள். ஏழு நொடி தாங்கவில்லை என்றால் நாயை இறக்காதீர்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் வீட்டு நாய்க்கும் பொருந்தும். குழுவில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் நாய் வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சும்மா வாசலில் படுத்திருக்கும் காட்சிக்கு வீட்டு நாய். ஓடி வந்து செருப்பைக் கவ்வ வேண்டும், அதுவும் ஒரே நாளில் முடிய வேண்டும் என்றால் பேரம் பேசாமல் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள்.