பர்கூர் தூசியில் ஓடும் பட்ஜெட் கேமிங் பிசி: நீண்ட நாள் அனுபவம்

2022 கடைசியில் அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 5600 பிராசசர், பி550 மதர்போர்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சேமிப்பு), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). இன்றுவரை எந்த பார்ட்டும் போகவில்லை. இதே லிஸ்ட்டை யூடியூபில் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னார்கள். என் வீடு இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கம், கிரானைட் பாலிஷ் பட்டறைகளுக்கு நடுவில்.

கார்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2022 செப்டம்பரில்தான் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வைத்து மைனிங் செய்வது நின்றது. மைனிங்கில் ஓடித் தேய்ந்த ஆர்எக்ஸ் 580 கார்டுகள் மலிவாகக் கிடைத்தன. நண்பர்கள் அதையே வாங்கச் சொன்னார்கள். அது 185 வாட் இழுக்கும். 6600 இழுப்பது 132 வாட், வேகமும் நன்றாகவே அதிகம். போதாக்குறைக்கு, 580 என்ற பெயரில் விற்கும் '2048 எஸ்பி' கார்டு உள்ளுக்குள் அதற்குக் கீழ் மாடலான 570 அளவுதான். அதனால் பட்ஜெட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டுப் புதுக் கார்டே எடுத்தேன். 1080பி (ஃபுல் எச்டி) திரையில் இன்றும் பெரும்பாலான கேம்களுக்கு நொடிக்கு 60-க்கு மேல் பிரேம் வருகிறது. புதிதாக வரும் கனமான கேம்களுக்கு செட்டிங்கை மீடியத்துக்கு இறக்க வேண்டும். ரே டிரேசிங் (ஒளி, நிழலை நிஜம் போலக் காட்டும் வசதி) பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

கணினி பார்ட்ஸ் வாங்க எங்களுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை விட பெங்களூரு எஸ்.பி. ரோடுதான் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர் சுமார். அங்கே ஒரு கடையில் கேபினெட்டோடு எஸ்எம்பிஎஸ் 'ஃப்ரீ' என்றார்கள். பெட்டியில் 500 வாட் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. கையில் எடுத்தால் டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. வேண்டாம் என்று சொல்லி, '80 பிளஸ் ப்ரான்ஸ்' (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான வெண்கலத் தரச் சான்று) உள்ள ஒன்றைத் தனியாக வாங்கினேன்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது வாட்டோடு இன்னொன்றையும் பாருங்கள். லேபிளில் இன்புட் '100-240' வோல்ட் என்று இருக்கிறதா, '200-240' என்றா? நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் விலை குறைந்த மாடல்கள் பல இரண்டாவது வகை. எங்கள் தெருவில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கும், டியூப்லைட் மினுக்கும். யுபிஎஸ் இல்லாத முதல் வருஷம் முழுக்க அந்த நேரத்திலும் கணினி அணையாமல் ஓடியதற்கு என் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்த அந்த 100-240 தான் காரணம்.

அப்புறம் எர்த். வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்றது. கணினி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். எர்த் சரியில்லாத வீட்டில், எஸ்எம்பிஎஸ் ஃபில்டரிலிருந்து கசியும் சொற்ப மின்சாரம் போக வழியில்லாமல் பாடியில் நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் பின்னால் குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் இறக்கியதும் நின்றது. பிசி பட்ஜெட்டில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

யுபிஎஸ் வாங்குபவர்களுக்கு: பெட்டியில் போடும் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்பது பெரும்பாலும் 360 வாட்தான். என் கணினி கேம் ஓடும்போது மானிட்டரோடு 250 வாட்டை ஒட்டி எடுக்கும். ஓடும், ஆனால் சேவ் செய்து அணைக்க மட்டுமே நேரம் கிடைக்கும்.

தூசிதான் உண்மையான தலைவலி. கிரானைட் தூசி வீட்டுத் தூசி மாதிரி பஞ்சாகச் சேராது. மாவு மாதிரி ஃபில்டரில் சாம்பல் நிறத்தில் படியும். என் கேபினெட்டில் முன்பக்கம் மெஷ் (சல்லடை), உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று. முன்பக்கக் கண்ணாடியும் ஆர்ஜிபி கலர் லைட்டும் உள்ள கேபினெட் பார்க்க அழகுதான், ஆனால் காற்று எங்கிருந்து வரும்? மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுகிறேன். கார்டை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்வேன். பஞ்சர் கடை கம்ப்ரசருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அந்தக் காற்றில் தண்ணீர் வரும்.

ஏப்ரல், மே மதியங்களில் பெட்டியோடு வந்த கூலரில் பிராசசர் 80 டிகிரியைத் தாண்டுகிறது. 5600-க்கு வரம்பு 90. சத்தம் கூடுமே தவிர கேம் திணறியதில்லை. கனமான கேமை ராத்திரிக்கு வைத்துக்கொள்கிறேன்.

தர்மபுரியில் இருக்கும் சித்தி மகன் இதே லிஸ்ட்டைக் கேட்டான். அவன் ஆடுவது வேலரண்ட் என்ற லேசான கேம் மட்டும். அதற்கு உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள 5600ஜி பிராசசர் போதும், கார்டே வேண்டாம் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை: ரேமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு போட வேண்டும், ஏனென்றால் அதன் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட விடும் ஆப்ஷன்) ஆன் செய்யாவிட்டால் பல 3200 ரேம்களும் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும். என்விஎம்இ மட்டும் 1 டிபி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் வந்த பிறகு, என் 500-ல் ஒன்றை அழித்தால்தான் இன்னொன்றை ஏற்ற முடிகிறது.