கடைசி உறைபனித் தேதியா, மண்ணின் சூடா: எதை நம்பி நடுவது?

குளிர்காலம் முடிந்து காய்கறிப் பாத்தி போடும்போது வருடா வருடம் வரும் கேள்வி இது. உங்கள் பகுதிக்கான கடைசி உறைபனித் தேதி, அதாவது குளிர்காலத்தின் கடைசி உறைபனி விழும் என்று கணக்கிட்ட நாள், வந்ததும் நட்டுவிடலாமா, இல்லை மண் சூடேறும்வரை பொறுக்க வேண்டுமா?

முதலில் தேதி. பெரும்பாலும் 30 ஆண்டு வெப்பநிலைப் பதிவுகளை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். சராசரித் தேதி என்றால், அதற்குப் பிறகும் உறைபனி விழ 50% வாய்ப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்று கருகும் என்று தெரிந்தே யார் நடுவார்கள்? சில அட்டவணைகளில் 10% வாய்ப்புள்ள தேதியையும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல், அந்தப் பதிவு உங்கள் பாத்தியில் எடுத்ததல்ல. வானிலை நிலையத்தில் வெப்பமானி ஆள் உயரத்தில் இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். அங்கே 2 டிகிரி காட்டும் நேரத்தில் இங்கே இலைமேல் பனி உறைந்திருக்கலாம். குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் சரிவின் அடியில் இருக்கும் தோட்டம், மேலே இருப்பதைவிடச் சில நாள் பின்தங்கியே இருக்கும்.

மண்ணின் சூடு இதைவிட நேர்மையான அளவுகோல் என்பது என் கருத்து. காலையில் 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் வெப்பமானியைச் செருகி, நாலைந்து நாள் தொடர்ந்து பாருங்கள். பட்டாணியும் பசலைக்கீரையும் (ஸ்பினாச்) 5 டிகிரியிலேயே முளைக்கத் தொடங்கும். பீன்ஸுக்கும் தக்காளிக்கும் 15 டிகிரியாவது வேண்டும். வெள்ளரி, பூசணிக்கு 18 இருந்தால் நல்லது. குளிர்ந்த ஈரமண்ணில் போட்ட பீன்ஸ் விதை முளைக்காமல் அழுகிப்போகும். தக்காளி நாற்று சாகாவிட்டாலும் வேர் ஓடாமல், இலை ஊதா பாய்ந்து, அப்படியே நின்றுவிடும். இரண்டு வாரம் தள்ளி, சூடான மண்ணில் நட்ட நாற்று அதை எட்டிப் பிடித்துவிடுவது சகஜம். அவசரப்பட்டு என்ன லாபம்?

ஆனால் மண் ஒன்றைச் சொல்லாது: இன்று இரவு காற்று எப்படி இருக்கும் என்பதை. மேட்டுப்பாத்தி பகல் வெயிலில் 16 டிகிரி காட்டியிருக்கும், இரவில் உறைபனி விழும். அதனால் நட்ட பிறகு ஒரு மாதமாவது இரவு முன்னறிவிப்பைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். 3 டிகிரிக்குக் கீழே போகும், வானமும் தெளிவு என்றால் துணி போட்டு மூடிவிடுங்கள். மெல்லிய போர்வைத் துணி இரண்டு டிகிரி அளவுக்குக் காப்பாற்றும். துணி தரைவரை தொங்க வேண்டும், மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. பிளாஸ்டிக் விரிப்பு என்றால் இலையில் படக் கூடாது, பட்ட இடம் கருகும்.

சரி, அப்படியானால் தேதிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, பின்னோக்கி எண்ணுவதற்கு. வீட்டுக்குள் நாற்று விடும்போது மண்ணைப் பார்த்துப் பயனில்லை. தக்காளியைக் கடைசி உறைபனிக்கு 6 முதல் 8 வாரம் முன்பும், குடைமிளகாயை 8 முதல் 10 வாரம் முன்பும், வெள்ளரியை 3 அல்லது 4 வாரம் முன்பும் போட வேண்டும். இந்தக் கணக்குக்குத் தேதியை விட்டால் வேறு வழி இல்லை. சில நாள் முன்பின் ஆனாலும் கெடுதல் கிடையாது. அப்புறம் வெளியே நடுவதற்கு முன் 7 முதல் 10 நாள், கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குங்கள்.

குளிர் தாங்கும் பயிர்களுக்குத் தேதியை நம்பிக் காத்திருப்பதுதான் நஷ்டம். பட்டாணி, பசலை, லெட்யூஸ் எல்லாம் லேசான உறைபனியைத் தாங்கும். அவற்றுக்கு எதிரி வெயில்தான், தாமதமாக விதைத்தால் பசலையும் லெட்யூஸும் இலை பறிக்கும் முன்பே பூத்தண்டு விட்டுவிடும். மண் உதிரியாகக் கைக்கு வந்ததுமே விதைத்துவிடலாம்.

இலையுதிர்காலத்தில் நிலைமை தலைகீழ். அப்போது மண் எப்படியும் சூடாகத்தான் இருக்கும், தேதியின் சொல்தான் செல்லும். முதல் உறைபனித் தேதியிலிருந்து, விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அறுவடை நாட்களைக் கழித்து, பகல் குறுகுவதற்காக இன்னும் இரண்டு வாரத்தையும் கழித்துவிட்டு விதையுங்கள்.