காப்பி அடித்த ஹெல்பர்கள்: விட்டுவைப்பதா, ஒன்றாக்குவதா?

லினக்ஸின் மையமான கர்னலில் ஃபைல் சிஸ்டங்களின் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் பகுதி) கோடை, அதாவது நிரலை, திறந்து பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். எக்ஸ்ட்2 என்ற ஃபைல் சிஸ்டத்தில் பார்த்த அதே சின்ன உதவி ஃபங்ஷன் (ஹெல்பர்), பெயரின் முன்பாதி மட்டும் மாறி, இன்னும் நாலு இடத்தில் கிடக்கும். புதிதாக ஒரு ஃபைல் சிஸ்டம் எழுதுபவர் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றிலிருந்து எடுத்துப்போட்டுத்தான் தொடங்குவார், அதில் தப்பே இல்லை. அப்புறம் அந்தப் பிரதிகளை என்ன செய்வது என்பதில்தான் சண்டை: அப்படியே விடலாம், பல ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் ஹெடரில் இன்லைனாக (கூப்பிடும் இடத்திலேயே விரியும்படி) போடலாம், பொது ஃபைலில் ஒரே ஃபங்ஷனாக வைக்கலாம், இல்லை கால்பேக் (ஃபைல் சிஸ்டம் தரும், பொதுக் கோடு திருப்பிக் கூப்பிடும் ஃபங்ஷன்) வாங்கும் பெரிய பொது அடுக்காகவே கட்டலாம். அந்தக் கோடு கர்னல் முழுமைக்குமான விதியைச் சொல்கிறதா, டிஸ்க்கில் எழுதும் வடிவத்தைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பக்கம் சாய்வேன்.

விட்டுவைப்பதற்கும் நியாயம் உண்டு. திருத்தங்கள் மட்டும் பெறும் பழைய ஸ்டேபிள் கிளைகளுக்கு ஒரு திருத்தத்தைக் கொண்டுபோவது சுலபம், ஒரு ஃபைல் சிஸ்டத்தில் கை வைத்தால் இன்னொன்று உடையாது. 2006-இல் எக்ஸ்ட்3-ஐ அதன் ஜேபிடி ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பகுதி) கோடோடு சேர்த்து முழுசாகப் பிரதி எடுத்துத்தான் எக்ஸ்ட்4 தொடங்கியது. எக்ஸ்ட்3-ஐ நம்பி இருந்தவர்களைத் தொந்தரவு செய்யாமல் புதியதில் இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தது. எக்ஸ்ட்4 கோடே எக்ஸ்ட்3 பார்ட்டிஷன்களைக் கையாள்கிறது என்று ஆனபின் 2015-இல், 4.3 பதிப்பில், பழையதைத் தூக்கினார்கள். ஒன்பது வருஷம் இரட்டைப் பராமரிப்பு என்பது சின்ன விலை இல்லை, ஆனால் கொடுத்ததற்குப் பலன் இருந்தது.

ஆனால் விதியைப் பிரதி எடுத்து வைத்திருந்தால் நடப்பது வேறு. புது ஐநோடுக்கு (ஒரு ஃபைலின் விவரப் பதிவு) உரிமையாளர், குரூப், மோட் (ஃபைல் வகையும் அனுமதிகளும் சேர்ந்த எண்) எல்லாம் வைக்கிற inode_init_owner என்ற பொது ஹெல்பர் 2010-லிருந்தே இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமோ அந்த வேலையைத் தன் சொந்தக் கோடிலேயே செய்துகொண்டிருந்தது. எஸ்ஜிஐடி பிட் (உள்ளே வரும் ஃபைல்களுக்கு டைரக்டரியின் குரூப்பையே தரச் சொல்வது; புரோகிராமில் இருந்தால் அந்த ஃபைலின் குரூப் அதிகாரத்தில் ஓட்டும்) போட்ட டைரக்டரிக்குள், அந்த குரூப்பில் இல்லாத ஆனால் எழுத அனுமதி உள்ள ஒருவர் ஃபைல் உருவாக்கினால், ஃபைல் டைரக்டரியின் குரூப்பை எடுத்துக்கொள்ளும். கூடவே எஸ்ஜிஐடி பிட்டும் குரூப் எக்ஸிக்யூட் பிட்டும் ஒட்டிக்கொண்டால், அவர் தனக்கில்லாத குரூப் அதிகாரத்தில் புரோகிராம் ஓட்டிவிடலாம். 2018-இல் பொது ஹெல்பரில் அந்த ஓட்டையை அடைத்தார்கள் (சிவிஇ-2018-13405; சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்). எக்ஸ்எஃப்எஸ்ஸில் அதே ஓட்டை 2021 வரை திறந்தே கிடந்தது, அதற்குத் தனியாக சிவிஇ-2021-4037 என்று ஒரு எண்ணே வாங்கவேண்டி வந்தது. திருத்தம் என்ன தெரியுமா? வழக்கமான பாதையில் பொது ஹெல்பரைக் கூப்பிடுவது, அவ்வளவுதான்.

ஃபைல் வகை அட்டவணை விதிக்கும் டிஸ்க் வடிவத்துக்கும் நடுவில் நிற்பது. மோடை 12 பிட் வலப்பக்கம் தள்ளினால் டைரக்டரிக்கு 4, சாதாரண ஃபைலுக்கு 8 வரும். டிஸ்க்கிலோ சாதாரண ஃபைல் 1, டைரக்டரி 2. இந்த மாற்றத்துக்கு ஆளாளுக்கு ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸின் அட்டவணையில் 15 இடம்தான் (0 முதல் 14 வரை), கெட்டுப்போன மோட் ஒன்று 15 என்ற இன்டெக்ஸைத் தந்தால் படிப்பது அட்டவணைக்கு வெளியே. 2017-இல் அதைச் சரிசெய்தார்கள். 2019-இல் 5.1 பதிப்பு இதற்குப் பொது ஹெல்பர்களைக் கொண்டுவந்தது. ஆனால் 1, 2 என்ற எண்கள் ஏற்கெனவே கோடிக்கணக்கான டிஸ்க்குகளில் எழுதப்பட்டவை, பொது ஹெடரில் யாராவது வரிசையை மாற்றினால் டேட்டா போச்சு. அதனால் ஒன்றாக்குவதோடு, இரண்டு பக்கத்து எண்களும் பொருந்துகின்றனவா என்று கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் வரிகளையும் போடவேண்டும். அந்த வரிகள் இல்லாமல் வரும் பேட்ச்சை (கோடு மாற்றத் தொகுப்பு) நான் ஏற்கமாட்டேன்.

ஹெடரா, பொது ஃபைலா என்பதற்கு இவ்வளவு விவாதம் தேவையில்லை. இரண்டு வரி பிட் கணக்கு என்றால் இன்லைன். அட்டவணை உள்ளே இருந்தால் பொது ஃபைல், இல்லாவிட்டால் ஹெடரைச் சேர்த்து அந்த ஃபங்ஷனைப் பயன்படுத்துகிற ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலும் (கம்பைல் ஆன ஃபைல்) அட்டவணையின் நகல் உட்கார்ந்துகொள்ளும். டிஸ்க்கைத் தொடுகிற பாதையில் ஒரு ஃபங்ஷன் கால் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

கால்பேக் அடுக்குக்கு நல்ல உதாரணம் என்க்ரிப்ஷன். எக்ஸ்ட்4-இல் 2015-இல் வந்தது, அடுத்த பதிப்பிலேயே எஃப்2எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் அதைப் பிரதி எடுத்தது, 2016-இல் பொதுவான ஒரே இடம் உருவாகி 4.6-இல் எஃப்2எஃப்எஸ்ஸும் 4.8-இல் எக்ஸ்ட்4-ம் அங்கே போயின. சாவி விவகாரம் பொதுவில், அந்தத் தகவலை டிஸ்க்கில் எங்கே வைப்பது என்பது கால்பேக் வழியாக அந்தந்த ஃபைல் சிஸ்டத்திடம். அதனால்தான் யுபிஐஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் பின்னால் வந்து எளிதாகச் சேர முடிந்தது. பத்து வரி ஹெல்பருக்கு இதே பாணியில் போனால் கதை வேறு: முதலில் ஒரு ஃபிளாக் (நடத்தையை மாற்றும் குறி), அப்புறம் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் இன்னொன்று, கடைசியில் பிரதிகளையே படித்துவிடலாம் என்று தோன்றும்.

எந்த வழியைப் பிடித்தாலும் ஹெல்பரைச் சேர்ப்பது ஒரு பேட்ச், அப்புறம் ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்றாகத் தனித்தனி பேட்ச். ஒன்று தகராறு செய்தால் அதை மட்டும் திருப்பலாம். காக்கினெல் போன்ற கருவி ஒரே உருவமுள்ள ஃபங்ஷன்களைத் தேடித் தந்துவிடும், ஆனால் ஒன்று லாக் பிடித்துக்கொண்டு கூப்பிடப்படுகிறது, மற்றது பிடிக்காமல் கூப்பிடப்படுகிறது என்பதைக் கூப்பிடும் இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும்.